ஆள்வோரின் அச்சமும் ஊரின் காவலும்

நாகரசம்பட்டி என்ற பெயரைக் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி ஆகிய ஊர்களுக்கு அண்மையில், மாந்தோப்புகளும் தென்னையும் சூழ்ந்த ஓர் ஊர் அது. ஊரின் பெயரால் ஒரு காவல் நிலையமும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பக்கத்து இளைஞர்கள் வேலை தேடி ஓசூருக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறினார்கள். இப்போது ஆலைகள் இவர்களைத் தேடி இவ்வழியே வரத் தொடங்கியிருக்கின்றன.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு சிறிய நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பு மாணவி ஒருத்தி பேருந்தில் தன் சான்றிதழ்ப் பையைப் பறிகொடுத்தாள். மதிப்பெண் பட்டியலுக்கு இரண்டாம்படி கேட்க வேண்டுமானால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்றைப் பெற வேண்டும். மாவட்டத்தின் ஏதோ ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர் இங்கே தேவையில்லை. முதல் முறை சென்றபோது உதவி ஆய்வாளர் வழக்கு ஒன்றிற்காக நீதிமன்றம் போயிருந்தார். இரண்டாம் முறை, நிலையமே ஒரு கோயில் திருவிழாவின் பந்தோபஸ்துக்குப் போயிருந்தது. மூன்றாம் முறை நானும் உடன் சென்றேன். அன்று நெடுஞ்சாலையில் முக்கியப் பிரமுகர் ஒருவரின் பயணம். நிலையத்தில் எழுத்தர் ஒருவரும், பாராவில் நின்ற பெண் காவலர் ஒருவரும் மட்டுமே இருந்தனர்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து நான்தான் சார் நிக்கிறேன். மாத்திவிட ஆள் வரல" என்றார் அந்தப் பெண். என் மாணவியைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். ஒவ்வொரு முறை வந்துபோனபோதும் மாணவியின் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. கோபத்தோடு உள்ளே நுழைந்த நான், யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

ஓர் ஊருக்கு எத்தனை காவலர் வேண்டும் என்பதை யார், எந்தக் கணக்கில் தீர்மானிக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு இந்த வட்டாரத்தின் பழைய வரலாற்றைப் புரட்டினால் ஒரு போக்கு புலப்படுகிறது. காவலர் எண்ணிக்கை பெரும்பாலும் ஊரின் தேவையைப் பார்த்துப் பெருகியதில்லை; ஆள்வோரின் அச்சத்தைப் பார்த்தே பெருகியிருக்கிறது.

*

பழைய தகடூர் நாட்டில் காவல் என்பது ஆநிரைக் காவலே. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் நிலத்தை உழும்போதும் ஏரிக்கரையில் நடக்கும்போதும் தட்டுப்படும் நடுகற்கள் இதற்குச் சான்று. அக்கல்வெட்டுகளில் மாட்டு மந்தையைக் குறிக்கும் சொல் தொறு. தொறுவைக் கவரச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு. மீட்கச் சென்று இறந்தவனுக்கும் கல் உண்டு. இலக்கணம் வெட்சி என்றும் கரந்தை என்றும் பகுத்துக் காட்டும் இரு தரப்பாரையும் இம்மண் அருகருகே நட்டு வைத்திருக்கிறது.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு சேர்ந்து கள்வரை எதிர்த்து நின்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரும் எழுத்தில் இருக்கிறது. மதுரைக்காஞ்சியைப் படித்தவர்கள் நள்ளிரவில் மதுரைத் தெருக்களில் கள்வரைத் தேடித் திரியும் ஊர்காப்பாளரை நினைவுகூர்வார்கள். தலைநகருக்கு வில்லேந்திய காவலர் இருந்தனர். மேட்டுநிலத்துச் சிற்றூருக்கு ஒரு மனிதனும் ஒரு நாயும். நகருக்கும் சிற்றூருக்குமான இந்த இடைவெளி அத்தனை பழையது.

இடைக்காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஊரைக் காப்பதற்காக ஊரார் செலுத்திய வரி அது. அந்த உரிமையைக் குறுநிலத் தலைவர்கள் பெற்றனர். விற்கவும் கொடையாக அளிக்கவும் செய்தனர். காவல் ஒரு வருவாய் இனமாக மாறியபோது, காக்கும் ஆட்கள் எத்தனை பேர் என்பதைக் காட்டிலும் வரும் பணம் எவ்வளவு என்பதே கணக்காயிற்று.

*

1792இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். கிருஷ்ணகிரி அப்போது கைமாறியது. ஓசூர்ப் பகுதி திப்பு வீழ்ந்த 1799இல் வந்து சேர்ந்தது. பாராமகாலின் நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளர்களில் ஒருவராக வந்தவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் தங்கி, ஊர் ஊராகக் குதிரையில் சென்று நிலத்தை அளந்து வரி விதித்த ஏழாண்டுகள் அவருடைய சிந்தனையை உருவாக்கின.

சென்னை மாகாணத்தில் 1802இல் வங்காளத்தைப் பின்பற்றித் தரோகா முறை கொண்டுவரப்பட்டது. சம்பளம் பெறும் தரோகாக்கள், அவர்களுக்குக் கீழே சேவகர்கள், இவர்கள் இருக்கும் இடத்துக்கு டாணா என்று பெயர். நம் பாட்டன்மார் காவலரை டாணாக்காரன் என்று சொல்லிவந்தது இந்தச் சொல்லின் எச்சமே. ஊரோடு ஒட்டாத இந்த அமைப்பை மன்றோ கடுமையாக எதிர்த்தார். அவர் தலைமையிலான நீதி ஆணையத்தின் விளைவாக 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி பிறந்தது. தரோகாக்கள் போயினர். ஊர்த்தலைவரும் தலையாரியுமே மீண்டும் காவல். அவர்களுக்கு மேலே தாசில்தார், அவருக்கு மேலே கலெக்டர். வரி தண்டும் கையும் திருடனைப் பிடிக்கும் கையும் ஒன்றாயின. அரசுக்கு இதில் செலவும் மிகக் குறைவு.

"அந்தக் காலத்தில் போலீஸ் ஏது? ஊரே பார்த்துக்கொண்டது" என்று நம் பெரியவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருப்போம். அவர்கள் அந்த ஒழுங்குவிதியை ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். சிறு குற்றங்களுக்குத் தண்டனையாகத் தாழ்ந்த சாதியார் எனப்பட்டவர்களைத் தொழுமரத்தில் மாட்டிவைக்க அது ஊர்த்தலைவருக்கு அதிகாரம் தந்தது. மற்றவர்களுக்கு அத்தகைய இழிவு பொருந்தாது என்பது அதன் உட்கிடை. ஊர் தன்னைத்தானே காத்துக்கொண்டது உண்மை. யாரிடமிருந்து யாரைக் காத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த உண்மை முழுமையாகும்.

இந்த ஏற்பாடு சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. வரி கட்டாதவர்களை வெயிலில் குனிந்து நிற்கவைத்தும் விரல்களை நெரித்தும் வதைத்த செய்திகள் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை எட்டின. 1855இல் வெளியான சித்திரவதை விசாரணை ஆணையத்தின் அறிக்கை, வருவாய்த்துறையும் காவலும் ஒரே கையில் இருப்பதைக் கேட்டின் வேர்களில் ஒன்றாகக் கண்டது. அதன்பின் 1857இன் பெருங்கலகம் வந்தது. 1859இல் சென்னை மாகாணத்திற்கான 24ஆம் சட்டத்தின்படி, சீருடையும் சம்பளமும் படிநிலையும் கொண்ட தனித்துறையாகக் காவல்துறை அமைந்தது. நாம் இன்று காணும் நிலையத்தின் தொடக்கம் அதுவே. அயர்லாந்தை அடக்கி வைக்க அமைக்கப்பட்ட காவற்படை அதற்கு முன்மாதிரிகளில் ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

*

சென்னை மாகாணக் காவல்துறையைப் பற்றி டேவிட் அர்னால்ட் 1986இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முதன்மையான ஆய்வு. காலனி ஆட்சியின் காவல் நாட்டுப்புறத்தில் மெலிந்தும், அரசின் நலனும் சொத்துடையோர் நலனும் அபாயத்திற்குள்ளாகும் இடங்களில் தடித்தும் இருந்ததை அந்நூலில் காணலாம். உதாரணங்கள் பல. 1899இல் சிவகாசிக் கலவரத்திற்குப் பின் அப்பகுதியில் தண்டக் காவல் நிறுத்தப்பட்டு, அதன் செலவு மக்கள்மேல் வரியாக விழுந்தது. 1921இல் மாப்பிள்ளைக் கிளர்ச்சியின்போது மலபார் சிறப்புக் காவற்படை உருவெடுத்தது. ஆயுதப்படைகள் இவ்வாறு வளர, புகார் எழுதிக்கொள்ளும் நிலையத்துக் காவலர் எண்ணிக்கை மெல்லவே நகர்ந்தது. 1902இல் அமைந்த ஆண்ட்ரூ ஃபிரேசர் ஆணையம், இந்தியக் காவல்துறை திறமையும் பயிற்சியும் அற்றது, மக்கள் அஞ்சுவது என்று வெளிப்படையாகவே எழுதியது.

விடுதலைக்குப் பின் இந்தப் போக்கு அடியோடு மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மனிதரைத் தேடுவதற்காக இரு மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் சிறப்பு அதிரடிப்படைகளைக் காட்டில் நிறுத்தியிருந்தன. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஆண்டுகளில்தான் எல்லையோரச் சாலைகள் நெடுகப் புதிய குடியிருப்புகள் எழுந்துகொண்டிருந்தன. காட்டுக்குள் இருந்த ஆபத்து அரசின் கண்ணில் பட்டது. சாலையோரம் வளர்ந்த ஊர்களின் தேவை அதே அளவில் படவில்லை.

*

அந்த வளர்ச்சியின் கதை நாம் அறிந்ததே. 1971இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஓசூருக்கு வந்தது. 1980ஐ ஒட்டி லாரிகளும் மொபெட்டுகளும், சில ஆண்டுகளில் கைக்கடிகாரங்களும் இங்கே உருவாகத் தொடங்கின. பெங்களூர் 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது பெருந்துணை. 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஓசூர் நகராட்சியில் 84,394 பேர். 2011இல் அதே எல்லைக்குள் 1,16,821 பேர். சுற்றியிருந்த ஊராட்சிகளைச் சேர்த்து விரிந்த எல்லையைக் கொண்டால் அதே 2011இல் ஏறத்தாழ 2.45 லட்சம். எல்லைக் கோட்டைச் சற்று நகர்த்தினால் ஒரு நகரம் இரு மடங்காகிவிடுகிறது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. மாவட்டம் முழுவதற்குமான தொகை 2001இல் 15.6 லட்சத்திலிருந்து 2011இல் 18.8 லட்சமாக உயர்ந்தது.

அதற்குப் பிறகு கணக்கே இல்லை. 2021இல் எடுக்கப்பட வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு எடுக்கப்படவில்லை. பின்னர் 2027ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில்தான் ஆலைகள் ஓசூரை விட்டு உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தன. 2021இல் போச்சம்பள்ளி வட்டாரத்தில் 500 ஏக்கரில் மின்சார ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. பத்தாயிரம் பெண்களை வேலைக்கு எடுக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. கைப்பேசிப் பாகங்கள் செய்யும் பேராலை ஒன்று ஓசூருக்குத் தெற்கே வந்தது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிற இளைஞர்கள் வாடகை அறைகளில் தங்குகிறார்கள். இவர்கள் சொந்த ஊர்க் கணக்கில் இருப்பார்கள். நம் ஊர்க் கணக்கில் இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கிய நிலையத்துக்கு இப்போது இந்தியில் புகார் சொல்லும் ஒருவர் வருகிறார்.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு லட்சம் மக்களுக்கு 222 காவலர் வேண்டும் என்பது ஐ.நா.வின் அளவுகோல் என்று இதழ்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. மத்திய அரசின் காவல் ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பு வெளியிட்ட விவரங்களின்படி, 2020 ஜனவரி 1ஆம் நாள் இந்தியா முழுவதும் லட்சம் பேருக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 195. உண்மையில் இருந்தவர்கள் 155. இந்த எண்ணிக்கையில் ஆயுதப்படையினரும் அடக்கம். நிலையத்தில் மேசைக்குப் பின்னால் அமர்கிறவர்கள் மட்டும் என்று பார்த்தால் இன்னும் சுருங்கும்.

அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாராவில் ஒருவரை இரவும் பகலும் நிறுத்த எத்தனை பேர் தேவை? வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்தில் 48 மணி நேரம் உழைக்கலாம் என்று கொண்டால் மூன்றரைப் பேர். விடுப்பும் நோயும் சேர்ந்தால் நான்கு பேர். ஒற்றைப் பாராவுக்கே நான்கு பேர் என்றால், எழுத்தர், நீதிமன்றப் பணி, அழைப்பாணை சேர்ப்பித்தல், கைதியை அழைத்துச் செல்லுதல், இரவு ரோந்து ஆகியவற்றுக்கு எத்தனை பேர்? இவற்றோடு திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை. பட்டியலில் முப்பது பேர் உள்ள நிலையத்தில் ஒரு பிற்பகலில் இருவர் மட்டும் இருப்பதில் மர்மம் ஏதுமில்லை. அந்தப் பெண் காவலரைப் பதினெட்டு மணி நேரம் நிற்கவைத்தது யாருடைய கொடுமையும் அன்று. எளிய கழித்தல் கணக்குதான். தமிழகக் காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2021இல் அரசு அறிவித்தது. ஆள் எண்ணிக்கை உயராத இடத்தில் அந்த ஓய்வை இன்னொருவரின் தோளிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

*

பேரூர்கள் வரிசையில் கடைசியில் நிற்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22ஆம் நாள் அளித்த தீர்ப்பு, குற்றப் புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னது. பந்தோபஸ்துக்குப் போகிறவர் வேறு, வழக்கை விசாரிப்பவர் வேறு என்றாகிவிட்டால் என் மாணவி மூன்று முறை நடந்திருக்க வேண்டாம். ஆனால் முதற்கட்டமாகப் பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் தொடங்கலாம், சிறிய ஊர்களுக்குப் படிப்படியாக விரிவாக்கலாம் என்றது தீர்ப்பு. நடைமுறை நோக்கில் அது நியாயமே. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பதினெட்டு லட்சம் பேர் வாழ்ந்தாலும் பத்து லட்சம் பேர் கொண்ட நகரம் ஒன்றுகூடக் கிடையாது. 'படிப்படியாக' என்ற சொல்லுக்குள் நாங்கள் காத்திருக்கிறோம்.

ஆள் கூடினால் நீதி கூடிவிடும் என்று நான் வாதிடவில்லை. 1855இன் அறிக்கையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். காவல் நிலைய மரணங்கள் நம் காலத்திலும் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் ஆள் இல்லாத இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புகாரை எழுதிக்கொள்ள ஆளில்லாத நிலையத்திலிருந்து திரும்பும் ஏழை, அடுத்து ஊர்ப் பெரியவரிடம் போகிறார். கட்டப்பஞ்சாயத்து என்று நாம் வைகிற அமைப்பு இவ்வாறுதான் உயிர் பிழைத்திருக்கிறது. தொழுமரம் போயிற்று, தொழுமரத்துக்குரியவர் யார் என்று தீர்மானிக்கும் மனம் போகவில்லை. 2012 நவம்பர் 7ஆம் நாள் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், ஒரு கலப்பு மணத்தைக் காரணமாக்கி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டும் எரிக்கப்பட்டும் போயின. எரிந்தபின் பெரும்படை வந்து குவிந்தது. ஊரோடு பழகிய, ஊரின் புகைச்சலை முன்கூட்டியே அறியக்கூடிய நிலையத்துக் காவலர்களே அங்கு முதலில் வேண்டியிருந்தவர்கள்.

தேவையைப் பார்த்துக் காவலை அமைத்த முன்னுதாரணம் நம்மிடம் இல்லாமலில்லை. 1973இல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என 22 பெண்களோடு தமிழகக் காவல்துறையில் பெண்கள் நுழைந்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. எந்தக் கலவரத்துக்கும் அஞ்சி அவை வரவில்லை. புகார் சொல்ல வரும் பெண்ணுக்கு எதிரே ஒரு பெண் அமர்ந்திருக்க வேண்டும் என்ற எளிய எண்ணத்திலிருந்து வந்தவை. அதே எண்ணத்தை ஆலைகள் முளைக்கும் பேரூர்களுக்கு நீட்டிப்பதே இன்று தேவை. ஓர் ஆலைக்கு நிலமும் நீரும் மின்சாரமும் ஒதுக்கும் கோப்பிலேயே, அங்கு வந்து தங்கப்போகும் ஆட்களின் எண்ணிக்கையும் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கூடுதலாக வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையும் எழுதப்பட வேண்டும்.

மாணவிக்கு நான்காம் முறை சான்று கிடைத்தது. அவள் இப்போது இரவுப் பணிக்கு ஆலைப் பேருந்தில் போய்வருகிறாள். பின்னிரவில் ஊர் எல்லையில் இறங்கி, தெருவிளக்கு அற்ற அரைக் கிலோமீட்டர் நடந்து வீடு சேர வேண்டும். அவள் தந்தை கையில் டார்ச்சோடு எல்லையில் நிற்கிறார். கூடவே அவர்கள் வீட்டு நாயும் வருமாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்கு எடுத்தனூர் நடுகல் நினைவுக்கு வந்தது. ஒரு மனிதனும் ஒரு நாயும். மகேந்திரவர்மன் காலத்திலிருந்து பதினான்கு நூற்றாண்டுகள் கடந்திருக்கின்றன.